ஆறாக ஓடி வந்த சேர்மன்

எங்கள் நகராட்சி ஒரு சினிமா எடுத்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. என் மருமகள்கூட, அத்தை கொஞ்சம் அளக்கிறார்கள் என்ற முகத்தோடுதான் தலையாட்டுவாள். நம்பாவிட்டால் போகட்டும். தீர்மானம் போட்டு, கோப்பு திறந்து, அதற்கு ஓர் எண் கொடுத்து, சாக்கடை கட்டுவதற்கு என்னென்ன செய்வார்களோ அத்தனையும் செய்துதான் எடுத்தார்கள். அந்தத் தீர்மானத்தை டைப் அடித்தவள் நான். அந்தப் படத்தைக் கெடுக்க இருந்தவளும் நான்தான். இரண்டையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் பின்பாதி. எனக்கு இருபத்தாறு வயது. ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். ஊரைச் சுற்றித் தோல் பதனிடும் டேனரிகள். ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த நெடிக்கு வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நாங்களோ ரயிலில் திரும்பி வரும்போது அந்த நெடி அடித்தால்தான் பையைக் கையில் எடுப்போம். நகராட்சி அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண். டைப்பிஸ்ட் அம்மா என்பார்கள். கோபக்காரி என்றும் சொல்வார்கள், என் காதுபடவே. கடிதங்களை அடிப்பதோடு, உறையில் போட்டு முத்திரைச் சீட்டு ஒட்டித் தபாலுக்கு அனுப்பும் வேலையும் என் தலையில்தான்.

என் வீட்டுக்காரர் கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் சொல்லிப் பழக்கமில்லை, இப்போது புதிதாகப் பழகிக்கொள்ள மனமும் இல்லை. இவர் என்றே எழுதிக்கொண்டு போகிறேன். கல்யாணம், காதுகுத்து, சாவு மூன்றுக்கும் ஊரில் இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் இவர் மனம் முழுக்கச் சினிமாவில் இருந்தது. பார்ப்பதில் அல்ல, எடுப்பதில். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் வாங்கிய சின்ன சினிமா கேமரா ஒன்று இருந்தது. கடிகாரம் மாதிரி சாவி கொடுத்தால் ஓடும். எறும்பு சாரியாகப் போவதையும், நான் கோபத்தில் பாத்திரம் கழுவுவதையும் எடுத்து, வீட்டுச் சுவரில் எனக்கே போட்டுக் காட்டுவார். சத்தமே இல்லாமல் நான் திட்டுவதைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும்.

மதராஸ் பெரியமேட்டில் தோல் மண்டி வைத்திருந்த இவருடைய தாய்மாமா, வந்து குமாஸ்தாவாகச் சேர்ந்துகொள் என்று மூன்று வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பொங்கலன்று இவர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார். ஒரு வருஷம் பார்க்கிறேன், நாலு பேர் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு படம் எடுக்க முடியவில்லை என்றால், கேமராவைக் கொடுத்துவிட்டு மாமாவிடம் போய்விடுகிறேன் என்றார். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை. அதுதான் என் பயம். மண்டியில் சாக்குக் கட்டுகளுக்கு நடுவே இவரை உட்கார வைத்துப் பார்க்க என்னால் முடியவே முடியாது.

அந்தச் சமயத்தில்தான் ஜில்லாவிலிருந்து அரசாங்க விளம்பர வேன் வந்தது. மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டி, அணைக்கட்டு, இரும்பு ஆலை, டெல்லி அணிவகுப்பு என்று போட்டுக் காட்டுவார்கள். ஜனங்கள் ஆசையாகப் பார்ப்பார்கள். படம் முடிந்ததும் ஒரு பீடித் தொழிலாளிப் பெண் எழுந்து நின்று, எல்லா ஊரும் வருது, நம்ம ஊரு எப்போ வரும் என்று வேன்காரரைக் கேட்டாள். கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த எங்கள் நகராட்சி சேர்மன் சாயபு மட்டும் சிரிக்கவில்லை.

சேர்மன் சாயபு ஊரிலேயே பழைய டேனரியின் முதலாளி. அறுபதை நெருங்கிய வயது, நல்ல பருமன், எந்த வெயிலிலும் கறுப்பு ஷெர்வானி, கையில் குடை. வீட்டில் உருது, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். என்னை உருதுவில் பேட்டி, அதாவது மகளே, என்றுதான் கூப்பிடுவார். சினிமா என்றால் உயிர். வேலூருக்குப் போய் ஒரே படத்தை ஒரே நாளில் இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டு வருவார். மறுநாள் காலையில் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். நம் ஊரைப் பற்றி நகராட்சியே ஒரு படம் எடுக்கப் போகிறது, எடுக்கப் போவது உன் வீட்டுக்காரன், தை மாதம் வேன் திரும்பி வரும்போது அதே மைதானத்தில் அதே துணியில் போட வேண்டும், தீர்மானத்தை எழுது என்றார். ஒரு வார்த்தை தப்பில்லாமல் அடித்தேன். அதற்கு முன்னால் நாலு தாள் வீணானது வேறு கதை.

கவுன்சில் கூட்டத்தில் ஒருவர், படம் எடுத்தால் கொசு குறையுமா என்று கேட்டார். இன்னொருவர், என் வார்டில் குழாய் போட்டதைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்றார். உடனே பதினாறு வார்டுக்காரர்களும் தத்தம் குழாயைச் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் குழாய் எல்லாருக்கும் பொது, ஒரே ஒரு குழாயைக் காட்டினால் போதும் என்று சேர்மன் தீர்ப்புச் சொன்னார். பத்து நிமிஷப் படம். நான்கு ரோல் பிலிம். அதற்கு மேல் ஓர் அடிகூடக் கிடையாது என்று தீர்மானத்தில் போட்டார்கள்.

அதன் பிறகு நகராட்சி இவருக்குக் கொடுத்த ஒத்தாசையை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது. உயரத்திலிருந்து எடுக்க வேண்டும் என்றார், தெருவிளக்குக்காரரின் நீள ஏணி வந்தது. நகர்ந்துகொண்டே எடுக்க வேண்டும் என்றார், குப்பை வண்டி ஒன்றைத் தேய்த்துக் கழுவி, சாம்பிராணி போட்டு, இவரை அதில் உட்கார வைத்துச் சுகாதாரப் பணியாளர்கள் இருவர் தள்ளினார்கள். ரோடு ரோலர் மேல் ஏறி ஒரு தெருவையே எடுத்தார். அது போகும் வேகத்தில் ஒரு தெருவை எடுத்து முடிப்பதற்குள் மூன்று முறை சாவி கொடுக்க வேண்டியிருந்ததாம். கறிக்கடை, பட்டைக் கிடங்கு, தோல் காயும் களம், பள்ளிக்கூடம் விடும் நேரம், அந்த ஒரு குழாய் என்று மூன்று ரோல்கள் முடிந்தன. பம்பாய்க்குத் தபாலில் போய்க் கழுவி வந்தன. நன்றாகவே வந்திருந்தன. ஆனால் படத்துக்கு முடிவு இல்லை. இப்படியே நின்றுபோனால் இது படம் இல்லை, வெறும் பட்டியல் என்று இவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முடிவைப் பாலாறு கொண்டு வந்தது. எங்கள் ஆற்றைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அதில் வருஷம் முழுக்க மணல்தான். சில வருஷம் தண்ணீர் எட்டியே பார்க்காது. வந்தால் மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள். மேலே ஆந்திரா பக்கம் மழை பிடித்தால், வாணியம்பாடிக்கு வந்துவிட்டது, ஆம்பூரைத் தாண்டிவிட்டது என்று ஸ்டேஷனிலிருந்து செய்தி வரும். டேனரி, பள்ளிக்கூடம், நகராட்சி அலுவலகம் எல்லாம் அவிழ்த்துவிட்ட மாதிரி காலியாகிவிடும். அந்த வருஷம் ஐப்பசியில் செய்தி வந்தபோது இவர் நான்காவது ரோலை மாட்டிக்கொண்டு பாலத்துக்கு ஓடினார். காய்ந்த மணலில் நுரையும் சருகுமாக முதல் தண்ணீர் சுருண்டு சுருண்டு வந்ததை, முதலிலிருந்து முடிவுவரை எடுத்தார். நூறு அடியும் தீர்ந்து கேமரா தானாக நின்றபோது, நனைந்த சட்டையோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இனி என் தப்பு. அந்த வெள்ளத்தில் ரயில் பாதை எங்கோ உடைந்து, பார்சல்கள் நசுங்கியும் நனைந்தும் வந்துகொண்டிருந்தன. இந்த ரோலைத் தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை. சேர்மன் சாயபுவின் ஆள் ஒருவர் தோல் மாதிரிகளை எடுத்துக்கொண்டு மாதம் ஒரு முறை பம்பாய் போவார். அவர் கையில் கொடுத்துவிடலாம் என்று சொன்னதே நான்தான். இவர் அரை மனதாகத்தான் டின்னைக் கொடுத்தார். நான் டின்னின் மேல் நகராட்சி முத்திரைச் சீட்டை ஒட்டி, அதைப் பத்திரமாக உறையில் போட்டு, சேர்மனுக்கு ஒரு கடிதமும் அடித்துச் சேர்த்து, பியூன் மூலம் டேனரிக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை பதில் வந்தது. சேர்மன் சாயபு குமாஸ்தாவிடம் சொல்லி எழுத வைத்த கடிதம். இன்றுவரை எனக்கு மனப்பாடம்.

“தங்கள் கடிதமும் சரக்கும் வந்து சேர்ந்தன. சரக்கை முழுவதும் பிரித்து, வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் நானே பார்த்தேன். நீளம் நூறு அடி, சரியாக இருக்கிறது. கீறல், கறை, பூச்சிக்கடி எதுவும் இல்லை. ஓரத்தில் வரிசையாகத் துளைகள் உள்ளன. அவை கம்பெனியார் போட்டவை என்று கருதுகிறேன். முதல் ரகம். பழையபடி சுற்றிப் பம்பாய்க்கு அனுப்புகிறேன்.”

கழுவாத பிலிமை வெளிச்சத்தில் பிரித்தால் எல்லாம் போச்சு. அது புகைப்படக்காரன் பெண்டாட்டிக்குத் தெரியும். தோல் வியாபாரிக்கு எப்படித் தெரியும்? அவர் தொழிலில், பிரித்துப் பார்க்காத கட்டை வெளியே அனுப்புகிறவன் ஏமாற்றுக்காரன். அவர் அதுவரை கையில் பிடித்துப் பார்த்த பிலிமெல்லாம் கொட்டகைக்காரர்கள் காட்டிய கழுவிய பிலிம். படம் பம்பாயில் போய்த்தான் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் படம் தெரியாததை அவர் ஒரு குறையாக எழுதவில்லை.

இதெல்லாம் இப்போது நிதானமாக எழுதுகிறேன். அப்போது நிதானம் எங்கே இருந்தது? கடிதத்தைக் கையில் பிடித்தபடி டேனரிக்கு நடந்தேன், செருப்புப் போட்டேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. சேர்மன் சாயபு அந்த வடக்கு ஜன்னல் மேஜைக்குப் பக்கத்தில் நின்று ஆட்டுத்தோல் ரகம் பிரித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு தொழிலாளிகள். அவர்கள் முன்னால் வைத்தே என் வாயைத் திறந்தேன்.

“இன்னா வேலை பண்ணிட்டீங்க சார்? வெளிச்சத்துல பிரிச்சா படம் செத்துடும் சார். ஆறு வந்ததெல்லாம் போச்சு. நூறு அடியும் போச்சு.”

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் கையிலிருந்த தோலை மெதுவாகக் கீழே வைத்தார். அத்தனை பெரிய உடம்பு சட்டென்று சிறுத்துப்போன மாதிரி இருந்தது. பிறகு மேஜையிலிருந்து என் கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“லெட்டர்ல சரிபாக்கச் சொல்லித்தானே இருந்துது, பேட்டி.”

படித்தேன். எல்லாக் கடிதத்துக்கும் கடைசியில் அடிக்கும் வழக்கமான வரி. இத்துடன் வைத்துள்ளவற்றைச் சரிபார்த்து ஒப்புகை அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம். பேனா, பினாயில், விளக்குத் திரி எது போனாலும் என் விரல்கள் தாமாக அடித்துவிடும் வரி. இருட்டறையில் மட்டும் திறக்கவும் என்று டின்னில் அச்சடித்திருந்ததே என்று கேட்க வாயெடுத்தேன். அதன் மேல்தான் நான் முத்திரைச் சீட்டை ஒட்டியிருந்தேன். என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஒரு தோல் கட்டின் மேல் உட்கார்ந்து, அத்தனை ஆண்களுக்கு நடுவில், வெட்கமில்லாமல் அழுதேன்.

அன்று இரவு இவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையை ஆட்டினார், அவ்வளவுதான். காலையில் மாமாவுக்கு ஒரு கார்டு எழுதி, தை பிறந்ததும் வருகிறேன் என்று முடித்து, தபாலில் சேர்த்துவிடு என்று என்னிடமே கொடுத்தார். ஆற்றில் தண்ணீர் இனி எந்த வருஷம் வருமோ என்னவோ, அதற்காக யாரைக் காத்திருக்கச் சொல்வது என்றார். நான் கார்டை வாங்கிக்கொண்டு போய், டைப்ரைட்டருக்கு அடியில் இருந்த இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். நகராட்சியின் தபால் என் கையில் இருக்கும்வரை அந்தக் கார்டு எப்படிப் பெரியமேடு போகிறது பார்க்கலாம் என்று இருந்தது எனக்கு.

மூன்றாம் நாள் சேர்மன் சாயபு என்னை டேனரிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். மதராஸ் முழுக்கத் தேடி ஒரே ஒரு ரோல் பிலிம் வரவழைத்திருந்தார். கவுன்சில் தீர்மானத்தில் சேராதது, அவர் சொந்தப் பணத்தில் வாங்கியது. டின்னைத் துணியில் சுற்றி, அந்தத் துணியை ஒரு பெட்டியில் வைத்து, பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தார். திறக்கவே இல்லை பேட்டி என்று மூன்று முறை சொன்னார். ரோல் இருக்கிறது, ஆறு எங்கே சார் என்றேன். மணல் மறுபடி காய்ந்துவிட்டது.

அவர் பெருமூச்சு விட்டார். அன்றைக்கு நானும் பாலத்தில்தான் நின்றேன், எப்படி வந்தது தெரியுமா என்று சொல்லத் தொடங்கினார். இரண்டு கையையும் நீட்டி, தண்ணீர் மணலைத் தடவித் தடவி வந்ததைக் காட்டினார். அது நேரா வரல முதலாளி, பனைமரத்தண்டை ஒரு வளைவு வளைஞ்சுது என்று சுண்ணாம்புக் குழியில் நின்ற ஒருவர் சொன்னார். கதவு ஒன்று மிதந்து வந்ததாக இன்னொருவர் சொன்னார். கதவில்லை, கட்டில், அதன் மேல் ஒரு கோழி இருந்தது என்று பட்டை இடிக்கும் பெண் சொன்னாள். கோழியை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆளாளுக்குக் கையை நீட்டி, எட்டிப் பார்த்து, அதோ அதோ என்று ஜன்னலுக்கு வெளியே இல்லாத ஆற்றைக் காட்டினார்கள். நான் ஜன்னலைப் பார்க்கவில்லை. அவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைத்தெருவுக்கு ஓடினேன். இவர் ஸ்டூடியோவில் விளக்குகளைத் துடைத்து எடுத்துக் கட்டிவைத்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி போனா போவட்டும். அதைப் பாத்த மூஞ்சிங்க எல்லாம் ஊர்லதான இருக்குது?”

 நான் சொன்னதும் இவர் துடைத்த விளக்கைக் கீழே வைத்தார். பிறகு, சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பாலத்துல வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டார். எனக்கு உயிர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு வரும்போது வருகிற மாதிரியே எல்லாரும் ஆற்றங்கரைக்கு வர வேண்டும் என்று நகராட்சி தண்டோரா போட்டது. இல்லாத வெள்ளத்தைப் பார்க்க ஊரைக் கூட்டிய நகராட்சி இந்த உலகத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். வந்தார்கள். மஞ்சள் குங்குமத் தட்டோடு பெண்கள், தொப்பியோடு பெரியவர்கள், டேனரித் தொழிலாளிகள் எல்லாரும் பாலத்திலும் கரையிலும் நெருக்கியடித்து நின்றார்கள். பாலத்துக்குக் கீழே விளக்குக்காரரின் ஏணி மேல் இவர், முகங்களைப் பார்த்தபடி கேமராவோடு. ஏணியைப் பிடித்தவர்களில் நானும் ஒருத்தி. பதினாறு கவுன்சிலர்களும் முன்னால்தான் நிற்போம் என்றார்கள், நிற்கட்டும் என்றார் இவர்.

ஒத்திகை பார்த்தோம். சங்கு ஊதியதும் எல்லாரும் மேற்கே பார்க்க வேண்டும். பார்த்தார்கள். ஆனால் ஆளுக்கு ஒரு பக்கம். ஒருவர் கண் பனைமரத்தில், ஒருவர் கண் வானத்தில், கவுன்சிலர்கள் கண் கேமராவில். முகத்திலும் ஒன்றும் இல்லை. ரேஷன் வரிசையில் நிற்கிற முகம். இவர் ஏணியிலிருந்து என்னைக் குனிந்து பார்த்தார். ஒரே ஒரு ரோல்தான். வெயில் இன்னும் அரைமணி நேரம்தான்.

அப்போது சேர்மன் சாயபு செருப்பைக் கழற்றினார். குடையை எடுத்துக்கொண்டு ஆற்று மணலில் இறங்கினார்.

“ஆத்தை அழிச்சது நான்தானே. நானே ஆறா வர்றேன். எல்லாரும் என்னைப் பாருங்க.”

அவர் மேற்கே நடந்து, பனைமரத்தைத் தாண்டி, ஒரு கறுப்புப் புள்ளியாகப் போய் நின்றார். இவர் கையைக் காட்டினார். சங்கு ஊதியது. அறுபது வயது ஷெர்வானி, விரித்த குடையை முன்னால் பிடித்துக்கொண்டு, மணலில் ஓடி வர ஆரம்பித்தது. நேராக வரவில்லை. பனைமரத்தண்டை ஒரு வளைவு வளைந்தார். தண்ணீர் எங்கே தயங்கியதோ அங்கே தயங்கி, எங்கே பாய்ந்ததோ அங்கே பாய்ந்தார். ஊர் முழுக்க ஒரே கண்ணாக அவரைப் பின்தொடர்ந்தது. முதலில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் ஒருவர் கையை நீட்டினார். நடுவழியில் சேர்மன் குடையைப் படகு மாதிரி ஆட்டினார், கோழி வருது பாருங்க என்று யாரோ கத்தினார்கள், அவ்வளவுதான், கரை முழுக்கச் சந்தோஷம் வெடித்தது. வாழ்நாளில் சிரித்தே பார்க்காத எங்கள் நகராட்சி மேனேஜர் சிரித்தார். பட்டை இடிக்கும் பெண் கண்ணீர் வரச் சிரித்தாள். பெண்கள் தட்டைத் தூக்கிப் பூவை நிஜமாகவே மணலில் போட்டார்கள். சேர்மன் சாயபு பாலத்துக்கு அடியில் வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, என் காலடியில் மணலில் உட்கார்ந்தார். மேலே கேமரா தானாக நின்றது.

அந்த ரோலை இவரே நேரில் பம்பாய்க்குக் கொண்டுபோய், கழுவும்வரை வாசலில் உட்கார்ந்திருந்து, கையோடு கொண்டுவந்தார். அதற்கு நான் கடிதம் எதுவும் அடிக்கவில்லை.

தை மாதம் வேன் வந்தது. விளக்கு வைத்த நேரத்தில் மைதானம் கொள்ளாத கூட்டம். பேசாத படம்தான். ஆனால் நகராட்சி கடைசி ஒத்தாசையையும் விடவில்லை. புழுதி அடங்கத் தெருவில் தண்ணீர் தெளிக்கும் மாட்டுவண்டியைத் துணிக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். படத்தில் ஊர் மேற்கே திரும்பிப் பார்த்ததும், வண்டிக்காரர் குழாயைத் திறந்துவிட்டார். சலசலவென்று சத்தம். திரை முழுக்க முகங்கள், ஒவ்வொன்றும் மலர்ந்து மலர்ந்து வந்தன.  சத்தத்தோடு தண்ணீரும் திரைக்கு அடியில் வழிந்து முன்வரிசைப் பாய்க்கு வர, பெண்கள் புடவைக் கரையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள், மொத்தக் கூட்டமும் எழுந்தது. திரும்பப் போடச் சொன்னார்கள். மூன்று முறை போட்டார்கள். வண்டியில் தண்ணீர் தீர்ந்த பிறகும் ஒரு முறை போட்டார்கள்.

முன்வருஷம் கேள்வி கேட்ட அந்தப் பீடித் தொழிலாளிப் பெண் இவரிடம் வந்து, தண்ணி வந்ததை நல்லா எடுத்திருக்கீங்க என்றாள். அந்தப் படத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. சேர்மன் சாயபுவின் நிழல்கூடக் கிடையாது. அன்று முதல் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், வெள்ளம் எப்படி வந்தது, எந்த வளைவில் வளைந்தது என்று படத்தில் பார்த்ததாகச் சத்தியம் செய்வார்கள். சிலர் கோழியையும் பார்த்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கார்டை எடுத்து இவர் முன்னால் வைத்தேன். தபாலில் போட மறந்துவிட்டேன் என்றேன். இரண்டு மாசமாகவா என்றார். டெஸ்பாட்ச்சில் வேலை ஜாஸ்தி என்றேன். பிலிம் சுற்றும் மேஜைக்கு ஒரு கால் குட்டை, எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். இவர் கார்டை நான்காக மடித்து அந்தக் காலுக்கு அடியில் வைத்தார். மேஜை அதன் பிறகு ஆடவில்லை. இவர் கண்ணை மூடும்வரை அந்த மேஜையில்தான் வேலை செய்தார். கார்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதற்கு அடுத்த முறை பாலாறு வந்தபோது நாங்கள் இருவரும் பாலத்தில் நின்றோம். சேர்மன் சாயபுவும் குடையோடு நின்றார். மேற்கே பனைமரத்தண்டை முதல் நுரை தெரிந்தது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது, கரை முழுக்க ஒரே குரல்.

“சேர்மன் வர்றாரு.”

சேர்மன் சாயபு குடையை மெதுவாகத் தூக்கி, வருகிற தண்ணீருக்கு ஒரு சலாம் வைத்தார். இவர் கேமராவில் சாவி கொடுத்து முடித்திருந்தார். எடுக்கவில்லையா என்றேன். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். சேர்மன் சாயபு போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகிறது. அவர் யார் என்றே தெரியாத பிள்ளைகள்கூட எங்கள் ஊரில் ஆற்றில் தண்ணீர் வந்தால் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள்.